சாஃப்ட் ஜெர்க்பெய்ட்டில் பாஸ் சிக்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ரே ராபர்ட்ஸ், லேக் ஃபோர்க் என்று டெக்சாஸின் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கும் ஏரிகளில் தூண்டில் போட்டுப் பாஸ் மீன் பிடிக்க வரும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே மாதிரியான கேள்விகள்தான். இரை சுற்றுகிறது. மீன் அடித்துவிட்டு விட்டுவிடுகிறது. போன மாதம் கடித்த இடத்தில் இந்த மாதம் கடியே இல்லை. படகிலும் கரையிலும் நின்று இவற்றைப் பலமுறை சரிசெய்ததில், எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்று ஒரு வரிசை எனக்குப் படிந்துவிட்டது. அந்த வரிசைதான் இது.

இங்கே நான் ஜெர்க்பெய்ட் (சுண்டிச் சுண்டி இழுக்கும் செயற்கை இரை) என்பது ஜூம் சூப்பர் ஃப்ளூக், லங்கர் சிட்டி ஸ்லக்-கோ போன்ற மெத்தென்ற பிளாஸ்டிக் இரைகளைத்தான். கொத்து முள் தொங்கும் கெட்டி ஜெர்க்பெய்ட்டுக்கு இதில் பாதி பொருந்தாது. அடிப்படை அமைப்பாக நான் வைத்துக்கொள்வது: ஐந்தேகால் அங்குல ஃப்ளூக், 4/0 அளவு, அகல வளைவுள்ள ஆஃப்செட் முள் (கண்ணுக்கு அருகே படிபோல் மடிந்தது), 12 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு, 7 அடி ராடு (தூண்டில் கோல்). ஈயம் கிடையாது.

இழுக்கும் முறையும் எளிது. ராடு நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்திக்கொண்டு, சுண்டு, சுண்டு, நிறுத்து. ஒவ்வொரு முறை சுண்டியதும் நுனியை இரையை நோக்கித் திரும்பக் கொண்டுபோய் நரம்பைத் தளர விட வேண்டும். கீழே வரும் பாதிச் சிக்கல்களுக்கு இந்தத் தளர்வு இல்லாததுதான் காரணம்.

ஒரு வேண்டுகோள். உங்கள் அறிகுறிக்குரிய தலைப்பில் மேலிருந்து கீழாகப் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நிறம், முள், இடம் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

## இரை தண்ணீரில் சுற்றுகிறது, நரம்பில் முறுக்கு ஏறுகிறது

முதல் சோதனை கரையோரத்திலேயே. ராடு நுனியிலிருந்து ஓரடி நரம்பு விட்டு, தெளிந்த தண்ணீரில் இரையை ஒரே சீராக நான்கடி இழுங்கள். வயிறு கீழேயே இருந்தால் கோத்தது சரி. பக்கவாட்டில் உருண்டால் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

### இரையே வளைந்திருந்தால்

டெக்சாஸ் வெயிலில் வண்டிக்குள் விட்ட பொட்டலம் என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இரையை மேசையில் வைத்துப் பாருங்கள். வால் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், கொதித்து இறக்கிய வெந்நீரில் பதினைந்து இருபது விநாடி இடுக்கியால் பிடித்து முக்கி, சமதளத்தில் நேராகக் கிடத்தி, அப்படியே குளிர்ந்த நீரில் போடுங்கள். பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். இதற்குச் சமையல் பாத்திரம் வேண்டாம், பழைய குவளை ஒன்றைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். செலவு எதுவும் இல்லை.

### முள் கோணலாக ஏறியிருந்தால்

என் அனுபவத்தில் சுற்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். முள்ளின் நுனியை மூக்கின் நட்ட நடுவில் குத்தி, கால் அங்குலம் உள்ளே விட்டு, வயிற்றுப் பக்கமாக வெளியே எடுங்கள். மூக்கை முள்ளின் கண் (நரம்பு கட்டும் ஓட்டை) வரை ஏற்றி முள்ளைத் திருப்புங்கள். இப்போது குத்திவிடாதீர்கள். முள்ளை இரையின் பக்கவாட்டில் தொங்கவிட்டு, வளைவு எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்து நகத்தால் குறி போடுங்கள். வயிற்றுப் பிளவு வழியாக அந்தக் குறியில் ஏற்றி முதுகுப் பக்கம் எடுங்கள்.

ஏற்றி முடித்ததும் தச்சர் பலகையைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடி, மூக்கிலிருந்து வால் வரை பாருங்கள். இரை நடுவில் புடைத்திருந்தால் வளைவைப் பின்னால் தள்ளிக் குத்திவிட்டீர்கள். இழுபட்டு விறைப்பாக இருந்தால் முன்னால் குத்திவிட்டீர்கள். இரண்டுமே சுற்றும். கழற்றிவிட்டு மறுபடி கோத்துவிடுங்கள். பழைய ஓட்டையிலேயே திரும்ப ஏற்றினால் முள் பழைய கோணத்துக்கே போய்விடும். அதனால் அரைக்கால் அங்குலமாவது தள்ளிக் குத்துங்கள்.

### முள்ளின் அளவு பொருந்தாவிட்டால்

ஐந்தேகால் அங்குல இரைக்கு 4/0. சுற்றல் நிற்கவில்லை என்றால் 5/0 போட்டுப் பாருங்கள். கூடுதல் எடை அடிவயிற்றில் நின்று இரையை நிமிர்த்தி வைக்கும், ஆனால் கொஞ்சம் வேகமாக மூழ்கும். நாலு அங்குலச் சின்ன ஃப்ளூக்குக்கு 3/0 போதும். சின்ன இரையில் பெரிய முள் போட்டால் உடல் விறைத்து ஆட்டமே போய்விடும்.

### எல்லாம் நேராக இருந்தும் முறுக்கு ஏறினால்

வேகமாகச் சுற்றி இழுக்கிறீர்களா என்று பாருங்கள். இதைச் சீராகச் சுற்றியிழுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. பழக்கத்தை விட முடியாவிட்டாலும் பரவாயில்லை, இரைக்குப் பதினைந்து அங்குலம் முன்னால் சின்ன ஸ்விவல் (முறுக்கு ஏறாமல் சுழலும் உலோக இணைப்பு) ஒன்று கட்டுங்கள். சில காசு செலவில் முக்கால்வாசி முறுக்கு தீரும். ஸ்விவலின் எடையால் மூக்கு லேசாகத் தாழும், அது தொந்தரவு இல்லை.

ஏற்கெனவே ஏறிய முறுக்கை எடுக்க, இரையை வெட்டிவிட்டு வெறும் நரம்பை நகரும் படகுக்குப் பின்னால் ஐம்பது அறுபது கெஜம் விட்டுச் சில நிமிடம் இழுத்துச் செல்லுங்கள். படகு இல்லாதவர்கள் புல்வெளியில் நரம்பை நீட்டிவிட்டு, அதை இழுத்துக்கொண்டே நடக்கலாம். அப்புறம் விரல்களுக்கு நடுவில் அழுத்தம் கொடுத்துச் சுற்றி ஏற்றுங்கள்.

### மூன்றாவது முறையும் முறுக்கு வந்தால்

ஸ்பின்னிங் ரீலில் நரம்பு வளைந்து போகும் சிறு உருளை சுழல்கிறதா என்று பாருங்கள். ரீலில் திறந்து மூடும் கம்பி வளையத்தை மூடிவிட்டு நரம்பைக் கையால் இழுத்தால் உருளை கூடவே சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஒரு சொட்டு ரீல் எண்ணெய் விடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பேரிங் போயிருக்கும், ரீல் பழுது பார்க்கும் கடைக்குக் கொடுங்கள். மலிவான ரீல் என்றால் பழுதுக்கூலியைக் கேட்டுவிட்டுப் புதிது வாங்குவதா என்று முடிவு செய்யலாம். முறுக்கேறி நொந்த நரம்பை மட்டும் எப்படியும் மாற்றிவிடுங்கள்.

## சுற்றவில்லை, ஆனால் உயிரில்லாமல் நேர்கோட்டில் வருகிறது

நரம்பு எப்போதும் விறைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். சுண்டிய உடனே நுனியை முன்னால் கொண்டுபோங்கள். தண்ணீரின் மேல் நரம்பு வளைந்து கிடப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் இரை இடமும் வலமுமாகத் துள்ளும். அப்படியும் ஆடாவிட்டால் முள்ளின் கண்ணை இறுக்கிக் கட்டாமல் சிறு வளைய முடிச்சாகப் போடுங்கள். 20 பவுண்டு மாதிரிக் கனத்த நரம்பு போட்டிருந்தால் 12க்கு இறங்குங்கள். இவற்றைத் தாண்டி இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதே இல்லை.

## மீன் அடிக்கிறது, முள் ஏறவில்லை

எல்லோரையும் அதிகம் நோகடிப்பது இதுதான். காரணங்களும் பல, அதனால் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

### இரை கண்ணிலிருந்து மறைந்த நொடியில் இழுக்கிறீர்களா?

தெளிந்த தண்ணீரில் வெள்ளை ஃப்ளூக்கைப் பார்த்துக்கொண்டே இழுக்கும்போது அது சட்டென்று காணாமல் போகும். கை தானாக ராடைத் தூக்கிவிடும். அப்போது நரம்பு தளர்ந்து கிடப்பதால் முள்ளுக்கு விசையே போய்ச் சேராது, இரை மட்டும் வாயிலிருந்து நழுவி வரும். நுனியைத் தாழ்த்தியே வைத்து, தளர்ந்த நரம்பை வேகமாகச் சுற்றி எடுங்கள். மீனின் கனம் கையில் தட்டுப்பட்டதும் பக்கவாட்டில் அழுத்தமாக வீசி இழுங்கள். இதற்கு ஒரு நொடி கூடுதலாக ஆகும், மீன் அதற்குள் துப்பிவிடாது. மெத்தென்ற பிளாஸ்டிக்கை அது கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருக்கும், இந்த இரையின் பெரிய பலமே அதுதான்.

### முள் நுனி

கட்டைவிரல் நகத்தின் மேல் நுனியை லேசாக இழுத்துப் பாருங்கள். நகத்தில் கொத்தி நின்றால் கூர் இருக்கிறது. வழுக்கினால் மாற்றுங்கள். ஃபோர்க்கில் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் இரண்டு முறை சிக்கி வந்த முள்ளை நான் நம்புவதே இல்லை.

### முள் ஆழமாகப் புதைந்திருக்கிறதா?

நுனி முதுகைத் துளைத்து வெளியே வந்து, மேல்தோலில் மட்டும் லேசாகக் குத்தி நிற்க வேண்டும். சதைக்குள் புதைத்துவிட்டால் மீனின் தாடையைத் துளைக்க வேண்டிய விசையைப் பிளாஸ்டிக்கே தின்றுவிடும். திறந்த தண்ணீரில் பாசி இல்லாத இடம் என்றால் நுனியை வெளியிலேயே முதுகோடு ஒட்டிக் கிடக்க விடலாம்.

### வால் மட்டும் கடிபட்டு வருகிறதா?

முதலில் நிறுத்தத்தை நீட்டுங்கள். ஓடும் இரையின் வாலைத்தான் மீன் எட்டிப் பிடிக்கிறது, நின்றால் முழுதாக விழுங்கும். அது உதவாவிட்டால் நாலு அங்குல இரைக்கு இறங்குங்கள்.

மார்ச், ஏப்ரலில் ஆழம் குறைந்த இடத்தில் இப்படி நடந்தால் அது முட்டைக் குழியைக் காக்கும் ஆண் மீனாக இருக்கலாம். அதற்குப் பசி இல்லை. இரையை வாலில் பிடித்துக் குழிக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுகிறது. அங்கே தொழில்நுட்பத்தைத் திருத்த வேண்டாம், அந்த மீனை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவதுதான் நல்லது என்பது என் எண்ணம். காவல் மீன் அகன்ற நேரத்தில் மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும்.

### நரம்பும் ராடும்

மேலே சொன்ன அத்தனையும் சரியாக இருந்தும், முக்கியமாகத் தூரத்தில் அடிக்கும் மீன்கள் மட்டும் தப்பினால், நரம்பு இழுபடுகிறது என்று பொருள். மோனோ (ஒற்றை இழை நைலான்) நரம்பு நன்றாக நீளும். 20 அல்லது 30 பவுண்டு பின்னல் நரம்பு போட்டு, முனையில் தண்ணீரில் அதிகம் தெரியாத 12 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு இரண்டு மூன்று அடி கட்டுங்கள். அதற்கு அப்புறம்தான் ராடு. நுனி மட்டும் வளைந்து நடு விறைப்பாக இருக்கும் மீடியம்-ஹெவி ராடு இந்த முள்ளை ஏற்றப் போதும். புது ராடை வாங்குவதற்கு முன், நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு காலைப்பொழுது போட்டுப் பாருங்கள்.

## மீன் பின்னாலேயே வருகிறது, கடிக்காமல் திரும்பிப் போகிறது

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது: இடம் சரி, இரையும் ஏறக்குறையச் சரி. மீன் தெரிந்ததும் பயந்து நிறுத்திவிடாதீர்கள், அதே வேகத்தில் இழுத்துக்கொண்டும் இருக்காதீர்கள். இரண்டு முறை படபடவென்று சுண்டிவிட்டு நரம்பை முழுக்கத் தளர விட்டு இரையை மூழ்க விடுங்கள். பெரும்பாலும் மூழ்கும்போதுதான் கவ்வும்.

அதற்கும் மசியாவிட்டால் அடுத்தது அளவு, அதற்கடுத்தது நிறம். பளிங்குத் தண்ணீரில் வெள்ளை சில நேரம் அதிகமாகக் கண்ணைப் பறிக்கும். வாட்டர்மெலன், ஆர்கன்சா ஷைனர் மாதிரி ஒளி ஊடுருவும் நிறத்துக்கு மாறுங்கள். மேகமூட்டத்திலும் லேசான கலங்கலிலும் திரும்ப வெள்ளைக்கே வாருங்கள். கடைசியாக, பின்னல் நரம்பு நேராக இரை வரை வந்தால் நடுவில் ஃப்ளூரோகார்பன் கட்டுங்கள்.

திரும்பிப் போன மீன் போன இடத்தை மறக்காதீர்கள். பத்து நிமிடம் கழித்து வேறு கோணத்திலிருந்து வீசினால் சில நேரம் அதே மீன் கடிக்கும்.

## கடியே இல்லை

முதலில் தண்ணீரைப் பாருங்கள். வெள்ளை இரையைத் தொங்கவிட்டு எவ்வளவு ஆழம் வரை தெரிகிறது என்று கவனியுங்கள். ஓரடிக்குள் மறைந்தால் இந்த இரைக்கு அது இடமில்லை. இதைப் பாஸ் கண்ணால்தான் தேடிப் பிடிக்கிறது. மழைக்குப் பின் ஓடை முகங்கள் கலங்கிக் கிடக்கும், அணைப் பக்கம் தெளிந்திருக்கும். அங்கே போங்கள்.

தண்ணீர் தெளிந்திருந்தால் அடுத்த கருவி வெப்பமானி. படகில் எலக்ட்ரானிக் திரை இருந்தால் அதிலேயே தெரியும். இல்லாதவர்கள் மலிவான மிதவை வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புதிய நிறங்களில் பத்துப் பொட்டலம் வாங்குவதைவிட அது பயன்படும். நாட்காட்டியைவிட இந்த எண்ணை நம்புங்கள். கீழே எல்லாம் ஃபாரன்ஹீட்.

### 50 டிகிரிக்குக் கீழே

குளிர்காலத்தில் இதைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். தேவையில்லை. டெக்சாஸின் மாநிலச் சாதனைப் பாஸ், 18.18 பவுண்டு, லேக் ஃபோர்க்கில் 1992 ஜனவரியில்தான் வந்தது. குளிரில் மீன் தின்னும், துரத்தாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சுண்டுவதை ஒன்றாகக் குறைத்து, நிறுத்தத்தைப் பத்து விநாடி, இருபது விநாடி என்று நீட்டுங்கள். இருபது விநாடி என்பது நினைப்பதைவிட நீளம், வாய்விட்டு எண்ணுங்கள். இரையின் உடலில் 1/32 அவுன்ஸ் ஆணி ஈயம் ஒன்றைச் செருகினால் சமநிலையோடு மெல்ல இறங்கும். தலையில் செருகினால் மூக்கு குத்தி விழும், நடுவில் செருகினால் படுத்தபடி இறங்கும். குளிருக்கு எனக்குப் பிடித்தது நடுவில்.

பாஸ் தின்னும் சிறு மீனான த்ரெட்ஃபின் ஷாட் குளிர் தாங்காது. தண்ணீர் 45க்குக் கீழே இறங்கும்போது அவை கூட்டமாகத் துவண்டு சாகத் தொடங்கும். மேலே வெள்ளி நிறத்தில் செத்த ஷாட் மிதப்பதைக் கண்டால் அங்கேயே நில்லுங்கள். வெள்ளை ஃப்ளூக்கை வீசி எதுவும் செய்யாமல் மூழ்க விடுங்கள். சுண்டுவதுகூட அதிகம்.

கடியும் இழுப்பாக வராது. நரம்பு இலேசாகப் பக்கவாட்டில் நகரும், அல்லது மூழ்க வேண்டிய நேரத்துக்கு முன்பே நின்றுவிடும். நரம்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். "கடியே இல்லை" என்று சொல்லும் பலருக்குக் குளிர்காலத்தில் கடி வந்து போயிருக்கிறது, அவர்களுக்குத்தான் தெரியவில்லை.

### 50 முதல் 60 வரை

முட்டையிடப் போகும் முன் பெரிய பெண் மீன்கள் ஆழத்திலிருந்து ஓடை வாய்களுக்கு நகரும் காலம். ஏரியில் ஆழம் சட்டென்று குறையும் முனைகள், போன வருடத்து ஹைட்ரில்லாப் பாசி கொஞ்சம் மிச்சம் நிற்கும் ஓரங்கள் ஆகியவற்றில் தேடுங்கள். நிறுத்தம் ஐந்தாறு விநாடி. வெயில் அடிக்கும் மத்தியானம் காலையைவிட நன்றாக இருக்கும். தண்ணீர் இரண்டு டிகிரி சூடாகும் வடக்குக் கரை முதலில் உயிர்பெறும்.

### 60 முதல் 75 வரை

இந்த இரைக்கு இதுதான் பொற்காலம். இதில் கடி இல்லை என்றால் பெரும்பாலும் நீங்கள் ஆழத்தில் நிற்கிறீர்கள், அல்லது படகைக் கரைக்கு மிக அருகில் கொண்டுபோய் மீனை விரட்டிவிட்டீர்கள். தள்ளி நின்று தூரமாக வீசுங்கள். சுண்டு, சுண்டு, இரண்டு விநாடி நிறுத்து.

முட்டையிட்டு முடிந்ததும் ஒரு வாரம் பத்து நாள் மந்தம் வரும். அப்போது நிறுத்தத்தை மறுபடி நீட்டுங்கள். தண்ணீர் 70ஐ ஒட்டும்போது ஷாட் மீன்கள் விடியற்காலையில் கற்கரை ஓரங்களிலும் பாசி ஓரங்களிலும் முட்டையிடும். வெளிச்சம் வந்த முதல் ஒரு மணி நேரம் அங்கே நின்றால் போதும். வெயில் ஏறியதும் சட்டென்று முடிந்துவிடும், எட்டு மணிக்குப் படகை இறக்கிவிட்டு "இங்கே ஒன்றும் இல்லை" என்று சொல்லக் கூடாது.

### 80க்கு மேல்

விடியலிலும் அந்தியிலும் பாசி ஓரம், படகுத்துறை நிழல். பகலில் மீன் ஆழத்துக்குப் போய்விடும், ஈயமில்லாத இரை அங்கே போய்ச் சேராது. காலை பத்து மணிக்கு மேல் இதையே பிடித்துக்கொண்டு நிற்பது வீண். விட மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு: அரை அவுன்ஸ் முதல் முக்கால் அவுன்ஸ் ஈயத்துக்குப் பின்னால் மூன்றடி நரம்பு விட்டு, அதன் முனையில் ஃப்ளூக்கைக் கட்டும் கரோலைனா ரிக். பதினைந்து இருபது அடி ஆழத்தில் நன்றாக வேலை செய்யும்.

### இலையுதிர் காலம், 75லிருந்து இறங்கும்போது

ஷாட் கூட்டம் ஓடைகளுக்குள் நுழையும், பாஸ் பின்தொடரும். மீன்களின் துள்ளலில் தண்ணீர் மேலே கொதிப்பது போலத் தெரிந்தால் நடுவில் வீசாதீர்கள், கூட்டம் அமுங்கிவிடும். அதைத் தாண்டி வீசி ஓரமாக இழுத்து வாருங்கள். பாஸ் தின்னும் ஷாட் சின்னதாக இருந்தால் ஐந்தேகால் அங்குலத்தைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, நாலு அங்குலத்துக்கு மாற்றுங்கள். இந்தக் காலத்தில் மட்டும் நிறுத்தம் குறைவாக இருக்கலாம்.

### எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் கடி இல்லை

கடைசியாகப் பார்க்க வேண்டியது நரம்பின் வகை. ஃப்ளூரோகார்பன் மூழ்கும், மோனோ மேலே நிற்கும். மீன் நாலடியில் நிற்கும்போது மோனோ இரையை ஓரடியிலேயே பிடித்து வைத்திருக்கலாம். மாற்றிப் பாருங்கள், அல்லது வயிற்றில் 1/16 அவுன்ஸ் எடை கோத்த முள் போடுங்கள்.

அதற்கு மேல் செலவு என்பது மீன் காட்டும் எலக்ட்ரானிக் கருவி. அதை வாங்கும் முன், அந்த ஏரியில் தொழிலாக மீன் பிடிக்கக் கூட்டிச்செல்லும் வழிகாட்டி ஒருவரோடு அரை நாள் போய்வாருங்கள். சில நூறு டாலர் ஆகும். இரண்டு மூன்று பருவம் ஒரே ஏரியில் வெறுங்கையோடு திரும்பியவருக்கு அதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரியவில்லை. போகும்போதே சொல்லிவிடுங்கள்: "எனக்கு இந்த இரையில்தான் பிடிக்க வேண்டும், எண்ணிக்கை முக்கியமில்லை, இந்த மாதம் மீன் ஏன் இங்கே நிற்கிறது என்று காட்டுங்கள்."

## இரை கிழிகிறது, முள்ளிலிருந்து சரிந்து இறங்குகிறது

மூக்கில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. பாதிப் பேருக்கு இதோடு முடிந்தது. இல்லாவிட்டால் முள்ளின் கண்ணுக்குள் கனத்த மோனோத் துண்டு ஒன்றை மூக்கோடு சேர்த்துக் குறுக்கே செருகி இரண்டு பக்கமும் நறுக்கிவிடுங்கள். அதற்கடுத்து, மூக்கைத் திருகிப் பிடிக்கும் சுருள் கம்பி உள்ள முள். கிழிந்த இரைகளைத் தண்ணீரில் எறியாதீர்கள். அது மக்காது, மீன் விழுங்கினால் வயிற்றிலேயே தங்கிவிடும். ஒரு பையில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

## ஒவ்வொரு வீச்சிலும் பாசி அள்ளி வருகிறது

முள் நுனி தோலை விட்டு வெளியே வந்திருக்கும், திரும்பத் தோலில் குத்துங்கள். அது சரியாக இருந்தால் பாசி மாட்டுவது முடிச்சில்தான். முடிச்சு மூக்குக்குள் புதையும்படி இரையை மேலே தள்ளுங்கள். ஸ்விவல் போட்டிருந்தால் பாசியில் அதை எடுத்துவிடுங்கள்.

## தூரம் போகவில்லை, காற்றில் நரம்பு சிக்காகிறது

ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) நிரம்பியிருக்கிறதா பாருங்கள். விளிம்புக்கும் நரம்புக்கும் நடுவில் ஒரு காசின் தடிமன்தான் இடைவெளி இருக்க வேண்டும். வளையத்தைக் கைப்பிடியைச் சுற்றி மூடாமல் கையாலேயே மூடுங்கள், காற்றுச் சிக்கு பெருமளவு குறையும். அப்புறம்தான் மெல்லிய பின்னல் நரம்பு, எடை கோத்த முள். எதிர்க்காற்று பலமாக இருந்தால் ராடு நுனியைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துச் சுண்டலாம்.

## பெட்டிக்குள் இரைகள் உருகி ஒட்டிக் கிடக்கின்றன

இரண்டு வகைப் பிளாஸ்டிக்கைக் கலந்து வைத்திருக்கிறீர்கள். நன்றாக இழுபடும், கிழியாத வகை இரைகளைச் சாதாரண இரைகளோடு சேர்த்து வைத்தால் இரண்டும் உருகும். உருகியதைக் காப்பாற்ற முடியாது. ஒவ்வொன்றையும் அதனதன் பொட்டலத்திலேயே வையுங்கள். கருநிறத்தையும் வெள்ளையையும் சேர்த்து வைத்தால் உருகாது, ஆனால் சாயம் ஏறும்.

## முள் மாட்டக் கூடாத இடத்தில் மாட்டிவிட்டது

### மீனின் தொண்டையில்

நரம்பைத் தளர விட்டுக் கடியைக் கவனிக்காமல் இருந்தால் இது நடக்கும். லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, ஆகவே நல்ல மீன் பெரும்பாலும் திரும்பத் தண்ணீருக்குத்தான் போக வேண்டும். அது உயிரோடு போக வேண்டும். நீள மூக்குக் குறடு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முள் தெரிந்தால் வந்த வழியே திருப்பி எடுங்கள். தெரியாவிட்டால், அல்லது செவுளில் ரத்தம் வந்தால் இழுக்காதீர்கள், நரம்பை முள்ளுக்கு ஒட்டி வெட்டிவிட்டு மீனை விடுங்கள். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். பெரிய மீனைத் தாடையில் மட்டும் பிடித்துத் தொங்கவிடாமல் வயிற்றுக்கு அடியில் இன்னொரு கை கொடுங்கள்.

### உங்கள் கையில்

முள் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டியிருக்கும் செதிள் முனை உள்ளே போகாவிட்டால் வந்த வழியே எடுத்துக் கழுவுங்கள். உள்ளே போய்விட்டால், அதுவும் விரலின் சதைப்பகுதியில் மட்டும் என்றால், கூட இருக்கும் பழகியவர் நூல் முறையில் எடுக்கலாம்: முதலில் முள்ளை நரம்பிலிருந்து வெட்டிவிடுங்கள், வளைவில் கனத்த நரம்பைச் சுற்றி, முள்ளின் கண்ணைத் தோலோடு கீழே அழுத்திப் பிடித்து, தோலுக்கு இணையாக, கண்ணுக்கு எதிர்ப்பக்கமாகச் சட்டென்று இழுக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர் முயல வேண்டாம்.

மூட்டு, கழுத்து, முகம், உள்ளங்கையின் ஆழம், விரல் மரத்துப்போதல், இவற்றில் எது என்றாலும் நேராக மருத்துவரிடம் போங்கள். கண் என்றால் முள்ளைத் தொடவே கூடாது. அதன் மேல் அழுத்தாதபடி காகிதக் குவளையைக் கவிழ்த்து ஒட்டிவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், வண்டியை வேறொருவர் ஓட்டட்டும். முள்ளை எடுத்தது யாராக இருந்தாலும், கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.